கூடத்துச் சுவர்

அன்பு மகளுக்கு,

புது வீட்டின் படங்களை நானும் அம்மாவும் பார்த்தோம். கூடத்துச் சுவர் வெறுமையாக இருக்கிறது, கடையில் ஏதாவது அச்சுப் படம் வாங்கி மாட்டிவிடவா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு அம்மா.

போன கோடையில் அமெரிக்காவில், சின்சினாட்டி நகரத்து டாஃப்ட் அருங்காட்சியகத்துக்கு என்னை அழைத்துப் போனாயே, அந்த முகப்புக் கூடத்தை விட்டு நான் நகரவே இல்லை. ஊர் திரும்பிய பிறகும், அருங்காட்சியகம் ஆவதற்கு முன் அந்த வீட்டில் வாழ்ந்த நிக்கோலஸ் லாங்வொர்த்தைப் பற்றியே தேடித் தேடிப் படிக்கிறேன்.

1783-இல் நியூவார்க்கில் பிறந்தவர். ஓஹையோ ஆற்றங்கரையில் சின்சினாட்டி இன்னும் சிற்றூராக இருந்தபோதே, இருபது வயதையொட்டி அங்கே குடியேறினார். வக்கீல் வேலையில் வந்ததை நிலத்தில் போட்டார்; ஊர் பெருகப் பெருக அவர் செல்வமும் பெருகியது. திராட்சை பயிரிட்டு ஒயின் செய்தும் பேர் வாங்கினார். சிற்பி ஹைரம் பவர்ஸ் இத்தாலிக்குப் போக உதவியவரும் இவர்தான்.

ஆனால் என்னை நிறுத்தியது டங்கன்சனின் ஓவியங்கள். ராபர்ட் டங்கன்சன் கறுப்பினத்தவர். வீடுகளுக்கு வர்ணம் அடித்துப் பிழைத்தவர், ஓவியத்தைத் தானே கற்றவர். 1850 வாக்கில் லாங்வொர்த் அவரை அழைத்துத் தன் முகப்புக் கூடத்தை ஒப்படைத்தார். ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கி மாநிலம். அங்கே டங்கன்சனின் இனத்தவர் அடிமைகளாக விலைபோய்க்கொண்டிருந்த காலம் அது. இக்கரையிலோ, ஊரின் பெரும் செல்வரைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் டங்கன்சன் சுவரில் தீட்டிய எட்டு நிலக்காட்சிகளைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. பின்கட்டில் ஓர் அறையைக் கொடுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். லாங்வொர்த் வாசல் கூடத்தையே கொடுத்தார்.

பின்னால் வந்தவர்கள் அவற்றின்மேல் சுவர்க்காகிதம் ஒட்டி மறைத்துவிட்டார்கள். 1932-இல் அருங்காட்சியகம் திறப்பதற்காக வீட்டைச் செப்பனிட்டபோதுதான் அவை மறுபடி வெளிச்சம் கண்டன. டங்கன்சன் 1872-இலேயே இறந்திருந்தார். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் கேட்கிறேன். அங்கே ஓவியம் படிக்கிற பிள்ளைகளில் ஒருவரைத் தேடிப் பிடி. இப்படி வரை, அப்படி வரை என்று நெருக்காதே. பேரம் பேசாதே. பாதிப் பணத்தை முதலிலேயே கொடுத்துவிடு, வர்ணமும் துணியும் வாங்க வேண்டுமே. மீதிக்கு என் ஓய்வூதியத்திலிருந்து அனுப்புகிறேன்.

அதுவரை சுவர் வெறுமையாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா