27 ஆட்டங்களை மட்டும் மாற்றிப் போடுங்கள்: பிக் டென் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு லீகான பிக் டென் கான்ஃபரன்ஸின் ஆணையர் டோனி பெட்டிட்டி அவர்களுக்கும், ரோஸ்மான்ட் அலுவலகத்தில் பெண்கள் வாலிபால் அட்டவணை போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

தமிழில் எழுதினால் இது உங்கள் கைக்கு எப்படி வந்து சேரும் என்று யாராவது கேட்கலாம். உங்கள் 18 பல்கலைக்கழகங்களில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்காத இடம் ஒன்றுகூட இருக்காது. மிச்சிகனில் தமிழே ஒரு பாடமாக நடக்கிறது. யாராவது படித்துச் சொல்லட்டும். அதோடு, நவம்பர் பிறந்தால் புள்ளிப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, 'இவர்கள் தோற்று அவர்கள் ஜெயித்தால்' என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போடும் வாலிபால் பைத்தியங்கள் நம் ஆட்களிலும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டில் யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., ஆரிகன், வாஷிங்டன் நான்கும் உங்களோடு சேர்ந்தன. 14 அணிகள் 18 ஆயின. கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் மட்டும் ஆளுக்கு 20 என்று அப்படியே இருக்கின்றன. ஓர் அணிக்கு எதிரணிகள் 17. அதனால் 14 பேருடன் ஒரு முறை, 3 பேருடன் இரண்டு முறை. மொத்தமாகப் பார்த்தால் சீசனுக்கு 180 ஆட்டங்கள். எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை மோத 153 போதும். மீதி 27. இந்த 27 ஆட்டங்களைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

யார் யாரோடு இரண்டாம் முறை ஆடுவது என்பது சீசன் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த வருடம் யார் எழுவார்கள், யார் சரிவார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஏழாம் இடத்துக்குப் போட்டி போடும் இரண்டு அணிகளை வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு நெப்ராஸ்கா, பென் ஸ்டேட், விஸ்கான்சின் மூன்றும் இரண்டு முறை வருகின்றன. மற்றதற்குப் பட்டியலின் அடியில் கிடக்கும் மூன்று அணிகள் இரண்டு முறை வருகின்றன. நவம்பர் கடைசியில் இரண்டும் 11 வெற்றி, 9 தோல்வி என்று பக்கத்துப் பக்கத்து வரியில் நிற்கும். பட்டியலைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆடியவர்களுக்குத் தெரியும் ஒன்றில்லை என்று.

இதில் இன்னொரு கோணல் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ.-வின் தேசியப் போட்டிக்கு 64 அணிகள். கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் நேரே உள்ளே போவார்கள். மற்ற இடங்களுக்குத் தேர்வுக் குழு உட்கார்ந்து ஆள் எடுக்கும். அந்தக் குழு நெடுங்காலமாகக் கையில் வைத்துப் பார்க்கும் அளவுகோல் ஆர்.பி.ஐ. அதில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்குதான் மதிப்பு. எதிர்த்து ஆடிய அணிகளின் வெற்றி விகிதத்துக்குப் பாதி. அந்த எதிரணிகள் யாரோடு ஆடின என்பதற்கு மீதிக் கால். ஆக, பலமான அணியிடம் தோற்றால்கூடச் சில சமயம் பெரிதாகக் குறையாது. நோஞ்சான் அணியை அடித்தால்கூட எண் இறங்கலாம். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் கணக்கு அப்படித்தான். முன்னே சொன்ன இரண்டில் முதல் அணிக்கு வெற்றி குறைகிறது, எண் காப்பாற்றுகிறது. இரண்டாவது அணிக்கு வெற்றி சேர்கிறது, எண் காலை வாருகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைத் தீர்மானித்தது அந்தப் பெண்கள் அடித்த ஸ்மாஷ் இல்லை. ஆடுகளம் பக்கமே வராத ஓர் அட்டவணை.

மேல்மட்டத்துக்கு வருவோம். 2024 சீசன் எனக்கு மறக்காது. கான்ஃபரன்ஸில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வந்த நெப்ராஸ்கா, நவம்பர் 29 அன்று பென் ஸ்டேட்டின் சொந்த அரங்கான ரெக் ஹாலில் இறங்கியது. கடைசி வார இறுதி. பென் ஸ்டேட் 3-1 என்று ஜெயித்தது. முடிவில் இருவரும் 19-1. கோப்பை இருவருக்கும் பொது. நல்லது, பகிர்ந்துகொள்வதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த சீசனின் லீகில் இந்த இரண்டு அணிகளும் மோதியது அந்த ஒரே தடவைதான், அதுவும் ஒருவருடைய சொந்த ஊரில். நெப்ராஸ்காவின் ஊரான லிங்கனில் ஒரு பதில் ஆட்டம் நடந்திருந்தால் பட்டியல் எப்படி இருந்திருக்கும்?

சொந்த ஊர் என்றால் இந்த விளையாட்டில் எவ்வளவு கனம் என்பதற்கு 2023-ஐப் பாருங்கள். அந்த வருடம் நெப்ராஸ்காவும் விஸ்கான்சினும் இரண்டு முறை ஆடின. அக்டோபரில் லிங்கனில் ஐந்து செட் போராடி நெப்ராஸ்கா ஜெயித்தது. நவம்பரில் தன் ஊரான மேடிசனில் விஸ்கான்சின் 3-0 என்று சுருட்டியது. கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான். மாறியது ஊரும் கூட்டமும். நெப்ராஸ்கா கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 2001-லிருந்து அங்கே டிக்கெட் மிச்சமான ஆட்டமே கிடையாது. 2023 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தில் வலை கட்டி ஆடியபோது 92,003 பேர் வந்தார்கள்.

சரி, 2024-இல் பதில் ஆட்டம் நடக்கவே இல்லையா? நடந்தது, உங்கள் கையை விட்டுப் போன பிறகு. டிசம்பர் 19, லூயிவில் நகரம், தேசிய அரையிறுதி. நெப்ராஸ்கா முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டது. மூன்றாவதை பென் ஸ்டேட் 25-23 என்று எப்படியோ பிடித்தது. நான்காவதில் நெப்ராஸ்கா 22-16. அந்த ஸ்கோரைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். இன்னும் மூன்றே புள்ளி. பென் ஸ்டேட் ஒவ்வொன்றாக ஏறி வந்து, மேட்ச் பாயின்ட்டைத் தாண்டி, 28-26 என்று செட்டை எடுத்தது. ஐந்தாவது 15-13. மூன்று நாள் கழித்து லூயிவில் அணியை அதே ஊரில் வென்று பட்டமும் வாங்கியது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே அணியை நடத்திய கேட்டி ஷூமாக்கர்-காலி, முதல் டிவிஷனில் தேசியப் பட்டம் வென்ற முதல் பெண் பயிற்சியாளர் ஆனார். 1999-இல் இதே பல்கலைக்காக ஆடிப் பட்டம் வாங்கியவர் அவர்.

அப்படி ஓர் ஆட்டத்தை உங்கள் லீகுக்குள்ளேயே, நவம்பரிலேயே இன்னொரு முறை வைத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் 'அப்படியென்றால் சீசன் முடிவில் ஒரு நாக் அவுட் டோர்னமென்ட் வைத்துவிடலாமே' என்பார். எஸ்.இ.சி. என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ் அதைத்தான் செய்தது. 2005-க்குப் பிறகு நிறுத்தி வைத்திருந்த கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட்டை 2025-இல் சவான்னாவில் மறுபடி ஆரம்பித்தார்கள். கென்டக்கி ஜெயித்தது. அடுத்த மாதம் தேசிய இறுதிப் போட்டியிலும் இரண்டு பக்கமும் எஸ்.இ.சி. அணிகளே நின்றன; டெக்சஸ் ஏ அண்ட் எம், கென்டக்கியை 3-0 என்று வீழ்த்தியது. அதற்கு முன் லிங்கனுக்கே வந்து, அதுவரை தோல்வியே காணாத நெப்ராஸ்காவை ஐந்து செட்டில் வெளியேற்றியதும் அதே ஏ அண்ட் எம் தான். உங்களுக்கு ஆசை வருவது இயல்பு.

தயவுசெய்து வேண்டாம். நாக் அவுட்டின் ருசி எனக்குத் தெரியாமல் இல்லை. தென் மாவட்டத்து ஊர்களில் மின்னொளிப் போட்டி என்று போடுவார்கள். ராத்திரி தொடங்கி விடிவதற்குள் ஒரே அணி மிஞ்சும். பார்க்க அதைப் போல வராது. ஆனால் டிசம்பர் முழுக்க நாக் அவுட்தானே நடக்கப் போகிறது? அதற்கு ஒரு வாரம் முன்னால் அதையே சின்னதாக ஒரு தடவை நடத்தினால், பத்து வாரம் ஆடிச் சேர்த்த பட்டியலுக்கு மதிப்பு எங்கே? உங்கள் லீகின் பெருமையே, பட்டியலில் மேலே நிற்பவர்தான் சாம்பியன் என்பதுதான். அதைக் கெடுக்காமல் செய்ய ஒரு வழி இருக்கிறது.

ஸ்காட்லாந்து கால்பந்து லீகில் 12 அணிகள். 33 ஆட்டங்கள் முடிந்ததும் பட்டியலை இரண்டாக வெட்டுவார்கள்: மேலே ஆறு, கீழே ஆறு. கடைசி ஐந்து ஆட்டங்களும் அந்தந்த ஆறுக்குள்ளேயே. இதை உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். முதல் 17 ஆட்டங்களில் எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை. அதோடு நிறுத்திப் பட்டியலை மூன்றாக வெட்டுங்கள்: மேல் ஆறு, நடு ஆறு, கீழ் ஆறு. ஒவ்வோர் அணியும் தன் ஆறுக்குள் மூன்று பேருடன் மறுபடி ஆடட்டும். ஓர் ஆறுக்கு ஒன்பது ஆட்டம், மூன்று ஆறுக்கு 27. ஒன்றுகூடக் கூடவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அதே 27-தான்.

ஆறில் ஐந்து எதிரணிகள் இருக்க, எந்த மூன்று? முதலிடமும் இரண்டாமிடமும் கட்டாயம் மோத வேண்டும், முதல் தடவை யார் ஊரில் ஆடவில்லையோ அங்கே. இந்த ஒன்றை மட்டும் விதியாக எழுதுங்கள். மற்றவற்றைப் பயணத் தூரமும் ஊர் மாற்றமும் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். கிழக்குக் கரையில் இருக்கும் ரட்கர்ஸ் பெண்களை ஒரே மாதத்தில் இரண்டாம் முறை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பாமல் இருக்கும் அளவுக்கு அதில் இடம் இருக்கிறது. ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம், திரும்பி வந்தால் பரீட்சை.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். விரிவாக்கத்தால்தான் எல்லாம் கெட்டது என்று புலம்புகிறவன் இல்லை நான். 14 அணிகள் இருந்த காலத்தில் 6 பேருடன் ஒரு முறை, 7 பேருடன் இரண்டு முறை ஆடினார்கள். 140 ஆட்டங்களில் 49 இரண்டாம் முறை ஆட்டங்கள். கோணல் அப்போதுதான் அதிகம். 18 ஆனதால்தான் முழுச் சுற்று முடிந்து மூன்றே ஆட்டம் மிஞ்சும் வசதி கிடைத்தது.

என்ன மறுப்பு வரும் என்று தெரியும். ஒரு வாரத்துக்குள் விமான டிக்கெட், ஓட்டல், அரங்கு எல்லாம் எப்படி? என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாருக்கு எந்த ஊர் என்று அறிவிக்கிறார்கள். வியாழன், வெள்ளியில் ஆட்டம். இத்தனை வருடமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. டிவி? உங்கள் ஃபுட்பால் ஆட்டங்களின் நேரத்தையே பன்னிரண்டு நாள், சில சமயம் ஆறே நாள் முன்னால்தான் டிவிக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரு லட்சம் பேர் கூடும் ஆட்டத்துக்கு முடிவது இதற்கு முடியாதா? அரங்கில்தான் நிஜச் சிக்கல்; நவம்பரில் கூடைப்பந்தும் மல்யுத்தமும் வந்துவிடும். அதற்கு, தேதிகளை முன்பே பிடித்து வைத்துக்கொண்டு எதிரணியின் பெயரை மட்டும் காலியாக விடுங்கள். நன்றி நவிலும் விடுமுறை வாரத்தில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும் அரங்குகளுக்கு, இப்படி ஓர் ஆட்டம் வந்தால் ஊர்க்காரர்களாவது வருவார்கள்.

ஏழாம் இடத்துக்காரரின் வயிற்றெரிச்சல்தான் இதில் எனக்கே உறுத்துகிறது. ஒரே ஒரு செட்டில் மேல் ஆறைத் தவறவிட்டவருக்கு, ஆர்.பி.ஐ.-யைத் தூக்கிவிடக்கூடிய பெரிய ஆட்டம் கிடைக்காமல் போகும். உண்மைதான். ஆனால் அவருக்குக் கிடைப்பது எட்டாவது, ஒன்பதாவது அணிகளோடு நேருக்கு நேர் ஆட்டம். 64-க்குள் நுழையும் கதவருகே நிற்பவர்கள் யாரைவிட யார் மேல் என்பதைக் குழு ஊகிக்க வேண்டாம், ஆடிக் காட்டிவிடுவார்கள். மேலே இருப்பவர்களுக்கும் இது சும்மா இல்லை. தேசியப் போட்டியின் முதல் 16 தரவரிசைக்குள் வந்தால் முதல் இரண்டு சுற்றும் சொந்த அரங்கில். அதற்கான சண்டை இந்த மூன்று ஆட்டங்களிலேயே நடக்கும்.

3-2 என்று தோற்றவருக்கும் ஒரு புள்ளி தரும் சர்வதேச முறையைப் பற்றியும் சொல்ல ஆசைதான். ஒரே மடலில் எல்லாம் கேட்டால் ஒன்றும் நடக்காது. அது இன்னொரு நாள்.

இவ்வளவும் உடனே முடியாது, கூட்டம் போட வேண்டும், பயிற்சியாளர்களைக் கேட்க வேண்டும் என்றால், சரி. அதுவரை ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நீங்கள் வெளியிடும் பட்டியலில் வெற்றி, தோல்விக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் சேருங்கள். ஒன்றில், இந்த அணி இரண்டாம் முறை ஆடும் மூன்று பேர் யார். மற்றதில், மீதமிருக்கும் ஆட்டங்கள் யாரோடு, எந்த ஊரில். இதற்குக் கூட்டம் எதுவும் தேவையில்லை. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்கு ஒரு மத்தியான வேலை.

இப்படிக்கு,
நவம்பர் தோறும் உங்கள் பட்டியலோடு தூக்கம் கெடும் ஒரு வாலிபால் ரசிகர்