ஒலிவியேயின் மௌனம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நலம். நீ அனுப்பிய 'ஸ்குதேரி அம்மையார்' குறுநாவலைப் படித்து முடித்துவிட்டேன். ஜெர்மன் எழுத்தாளர் ஹோஃப்மான் 1819-இல் வெளியிட்ட கதை. நடப்பதோ 1680-இல், பதினான்காம் லூயி ஆண்ட பாரிஸில். தான் செய்த நகையைப் பிரிய மனமில்லாத பொற்கொல்லன் கார்டில்லாக்தான் உண்மையான கலைஞன் என்று போனில் உருகினாய். அவனிடம் நகை வாங்கிக்கொண்டு இரவில் காதலியைப் பார்க்கப் போனவர்களின் நெஞ்சில் கத்தி இறங்கியதே, அவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? அதுவும், கொன்று பறித்த நகைகளை அடுக்கி வைத்து, இது யாருக்குச் செய்தது, எப்போது எப்படிக் கைக்கு வந்தது என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறான். நீதிமன்றக் கட்டுகளோடு காலம் தள்ளிய எனக்கு அந்தச் சீட்டுகள்தான் முதுகைச் சில்லிட வைத்தன. வெறி பிடித்தவன் இவ்வளவு ஒழுங்காகப் பதிவேடு வைப்பானா?

அவன் தாய் கர்ப்பமாக இருந்தபோது ஒருவனுடைய ரத்தினச் சங்கிலியின் மீது ஆசைப்பட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணமாம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கடைசியில் பழி பெற்றவள் தலையில்தானா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். எனக்கும் அந்தக் காரணம் ஒட்டவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதவன் கார்டில்லாக் அல்ல, அவனுடைய உதவியாள் ஒலிவியே. முதலாளி கொலை செய்வதைக் கண்ணால் பார்த்தவன். மறுநாளே முதலாளி தேடி வந்து, மகள் மத்லோனைத் தருகிறேன் என்றதும், அதே வீட்டுக்குத் திரும்பி அதே பட்டறையில் உட்கார்ந்துவிடுகிறான். முதிய எழுத்தாளரான ஸ்குதேரி அம்மையாரின் உயிருக்குக் கார்டில்லாக்கால் ஆபத்து என்றபோது எச்சரிக்க ஓடுகிறான். தன் தாயை வளர்த்தவள் அல்லவா! முன்பின் தெரியாதவர்களுக்காக அவன் ஓடியதாகக் கதையில் இல்லை. பிறகு கார்டில்லாக்கையே ஒருவர் தற்காப்புக்காகக் குத்திக் கொன்றுவிட, பழி ஒலிவியே மீது விழுகிறது. சித்திரவதை செய்யத் தயங்காத விசாரணை மன்றத்தின் முன்னும் வாயைத் திறக்க மறுக்கிறான். தந்தை எப்படிப்பட்டவன் என்று மத்லோனுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். நீ இதைத் தியாகம் என்றாய். சாகத் துணிந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாய், திறந்தால் உயிர்கள் தப்பும் என்ற நாளிலும் மூடித்தான் இருந்தது.

ஹோஃப்மான் பெர்லினில் நீதிபதியாக இருந்தவர். சாட்சியம் முழுவதும் நிரபராதியையே சுட்டும்படி கோத்திருக்கும் அழகு அந்த அனுபவத்தில் வந்தது. முடிவையும் பார். மன்னர் ஒலிவியேயை விடுவித்து ஊரைவிட்டு அனுப்புகிறார். ஒரு வருடம் கழித்து, மனம் திருந்திய யாரோ பாவி ஒப்படைத்த நகைகள் என்று பாரிஸ் பேராயரும் ஒரு வக்கீலும் அறிவித்து உரியவர்களுக்குத் திருப்பித் தருகிறார்கள். கொலைகாரன் பெயர் வெளியே வரவில்லை. அரசனும் திருச்சபையும் வக்கீலும் அந்த மௌனத்தில் சேர்ந்துகொள்கிறார்கள்.

மத்லோன் ஜெனீவாவில் நிம்மதியாக வாழ்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஒன்று மட்டும் சொல்: அவள் இடத்தில் நீ இருந்தால், உன் அப்பனைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவாயா?

அன்புடன்,
அப்பா