மூன்றாம் பக்கத்தின் அடியில்

அன்புக் கண்ணம்மா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய ரெஸ்யூமைப் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். திரையில் படித்தால் எனக்கு எதுவும் மனசில் நிற்காது, உனக்குத்தான் தெரியுமே. இரண்டு தடவை படித்தும் ஒரு சந்தேகம்: இது என் மகளுடையதுதானா? பெயரை மறைத்துவிட்டால் ஸ்டோரில் வேலை பார்க்கிற யாருடையதாகவும் இருக்கலாம்.

எடுத்த எடுப்பில் "சவாலான பணிச்சூழலில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். வேலையில் இருந்த காலத்தில் கட்டுக் கட்டாக விண்ணப்பங்களைப் பிரித்துப் படித்தவள் நான். இந்த வாக்கியம் வந்தாலே கண் தானாகத் தாண்டி ஓடிவிடும். எடுத்துவிடு. நீ யார், எத்தனை வருஷமாக என்ன செய்கிறாய், இப்போது எந்த வேலைக்கு வருகிறாய் என்று அந்த இடத்தில் மூன்று வரி போதும்.

கீழே 6 வருஷ வேலையை ஐந்து வரியில் சொல்லியிருக்கிறாய். ஐந்தும் "பொறுப்பு" என்றே முடிகின்றன. இருப்பைச் சரிபார்க்கும் பொறுப்பு, சரக்கு வரவைப் பதியும் பொறுப்பு... சேர்ந்த அன்றைக்கு அவர்கள் உன் கையில் கொடுத்த தாளில் இருந்ததும் இதுதானே? அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதே ஐந்து பொறுப்புதான். நீ உட்கார்ந்ததால் என்ன மாறியது?

ஒரு மாதக் கடைசியில் குரல் கம்மிப்போய் போன் பண்ணினாயே, "நாலு நாளா எண்ணிட்டே இருக்கோம்மா, இன்னும் கணக்கு டேலி ஆகலை" என்று. அப்புறம் நீயே ரேக்குகளுக்கு வரிசை எண் போட்டாய். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் உதிரிபாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் பிரித்து வைத்தாய். மொத்தத்தையும் கடைசியில் எண்ணுவதை விட்டுவிட்டு, தினம் இரண்டு ரேக் என்று எண்ண வைத்தாய். 4 நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. அன்றைக்கு நீ பண்ணிய போனில் என்னைப் பேசவே விடவில்லை. அது இந்த ரெஸ்யூமில் எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன்.

"ரேக் எண் முறையும் தினசரி எண்ணிக்கையும் கொண்டுவந்து, மாத இறுதி இருப்புக் கணக்கெடுப்பை 4 நாளிலிருந்து 1½ நாளாகக் குறைத்தேன்." இப்படி எழுது. கூட இரண்டு பேர் உழைத்திருந்தால் "3 பேர் குழுவில்" என்று சேர்த்துக்கொள். இன்டர்வியூவில் "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நிமிஷம் பேச உன்னிடம் சரக்கு இருக்க வேண்டும். பேச வராத வரி வேண்டாம். எல்லாவற்றுக்கும் எண் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் குத்துமதிப்பாக ஒன்றைச் செருகாதே. கொள்முதல் விலை, வாடிக்கையாளர் பெயர் மாதிரி கம்பெனிக்குள் இருக்க வேண்டியவை எதுவும் தாளில் வரக் கூடாது. பழைய கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்கிறவள் நாளைக்கு நம்முடையதையும் சொல்வாள் என்றுதான் படிக்கிறவர்களுக்குத் தோன்றும்.

அடுத்தது வரிசை. எனக்கு இன்னும் உறுத்துகிற ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தடவை ஆள் எடுத்து முடித்து, மிச்ச விண்ணப்பங்களைக் கட்டி வைக்கும்போது ஒன்று நழுவி விழுந்தது. பொறுக்கி எடுத்தால், மூன்றாம் பக்கத்தின் அடியில், நாங்கள் எந்த வேலைக்கு ஆள் தேடினோமோ அதையே அந்தப் பெண் 2 வருஷம் செய்திருப்பது தெரிந்தது. முதல் பக்கம் முழுக்க மதிப்பெண்களும் பயிற்சிச் சான்றிதழ்களும்தான். அதற்குள் இன்னொருவருக்கு ஆர்டர் போய்விட்டது. மூன்றாம் பக்கம் வரை போகாதது என் தப்புதான். ஆனால் கட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

அதனால் கடைசி வேலை முதலில், பிறகு பின்னோக்கிப் போ. படிப்பு கடைசியில் இரண்டு வரி. மொத்தம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நீ கேட்கும் வேலை கொள்முதல் திட்டமிடல். அந்த விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்பதில் நீ செய்திருப்பதையெல்லாம் மேலே ஏற்று. 1482 வாக்கில் லியனார்டோ டா வின்சி வேலை கேட்டு மிலானின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், கோட்டை முற்றுகைக் கருவிகள் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார். உனக்கு உன் கம்ப்யூட்டர் சான்றிதழ்கள்மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அவையும் கீழே போகட்டும்.

பக்கத்தை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிரித்து, ஓரத்தில் கலர் பட்டை போட்டு, திறமைக்கு நட்சத்திரமெல்லாம் ஒட்டியிருக்கிறாயே, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது பல கம்பெனிகளில் விண்ணப்பம் முதலில் ஒரு மென்பொருளுக்குள் போகிறது. கட்டமும் இப்படி இரண்டாகப் பிரித்த பக்கமும் இருந்தால் அது சில சமயம் வரிகளைக் கலந்துவிடும். ஒரு சோதனை செய்து பார். முழுவதையும் காப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டு. அங்கே வரிசை குழம்பினால் அதிலும் குழம்ப வாய்ப்பு உண்டு. விளம்பரத்தில் உள்ள சொல்லையே நீயும் பயன்படுத்து, ஏனென்றால் சொல்லை வைத்துத்தான் தேடுகிறார்கள். செய்த வேலைக்கு மட்டும்தான், சரியா?

இப்போது அந்த 8 மாதம். மாதங்களை எடுத்துவிட்டு வருஷத்தை மட்டும் போட்டிருப்பதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உன் அப்பா படுக்கையில் கிடந்தபோது நீ வேலையை விட்டுவிட்டு வந்தாய். அதை ஏன் மறைக்கிறாய்? நானாக இருந்தால் மாதம் இல்லாத இடத்தைத்தான் முதலில் கேட்பேன், "இங்கே என்ன ஆச்சு?" என்று. "குடும்பத்தில் மருத்துவப் பராமரிப்பு, 8 மாதம்" என்று ஒரே வரி போடு. விளக்கம் வேண்டாம். மறுபடி அதே துறைக்கே திரும்பி வந்திருக்கிறாய் என்பது அடுத்த வரியில் தெரிந்துவிடும். இதைச் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் உன் பழைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுத்து வந்து தேதியைக் காட்டினார். அதன் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். தேதி ஆர்டரில் இருக்கிறபடியே இருக்கட்டும்.

ஆபீஸ் மெயில் ஐடியைக் கொடுத்திருக்கிறாய், உடனே மாற்று. இப்போதைய சம்பளமும் வேலையை விடும் காரணமும் அவர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், தாளில் வேண்டாம். உன் மேனேஜரைப் பற்றி என்னிடம் புலம்பியதெல்லாம் என்னோடு இருக்கட்டும்.

திருத்தியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. ஃபைலுக்கு "ரெஸ்யூம் ஃபைனல் புதுசு 3" என்று பெயர் வைத்திருக்கிறாய், அதை அழித்துவிட்டு உன் பெயரையும் வேலையின் பெயரையும் போடு. வந்ததும் நான் முதலில் தேடப் போவது ரேக் எண் வரியைத்தான்.

அன்புடன்,
அம்மா