இழுத்துப் பிடித்த நூல்

உரும்பிராய்,
மாசி மாதம்.

அன்புள்ள பிள்ளை,

உன் சின்னப் பொம்மை விமானத்தில் கமராவைக் கட்டி எடுத்து, ரொறன்ரோவிலிருந்து நீ அனுப்பிய வீடியோவை நானும் அம்மாவும் நாலு தரம் பார்த்தோம். பனி மூடிய பெரிய வெளி, ஓரத்தில் இலையில்லாத மரங்கள், நல்ல வடிவு. ஆனால் மரங்கள் தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி நெளிந்துகொண்டே போயின. "இனிக் கமராவை விமானத்தில் கட்டமாட்டேன் அப்பா" என்று நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. நாற்பது வருடம் தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்தியவன் நான். அதிர்வு எனக்குத் தெரிந்த விஷயம். போனில் அவசரமாகச் சொல்ல விருப்பமில்லை. அதுதான் இருந்து எழுதுகிறேன்.

போன கிழமை வெங்காயத்துக்கு இறைக்கும்போது, ஓடுகிற மெசினின் கைபிடியில் என் போனை இறுக்கிக் கட்டிக் கிணற்றடிப் பனையைப் படம் பிடித்தேன். நேராக நிற்கிற பனை பாம்பு மாதிரி நெளிந்தது. உன் மரங்களின் அதே நெளிவு. இந்த மாதிரிக் கமரா ஒரு படத்தை ஒரேயடியாக எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. கடைசி வரிக்கு வருவதற்குள் கமராவே அசைந்துவிட்டால் பனை வளையத்தானே செய்யும்? மெசின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 50. உன் விமானத்தின் முன்னால் சுழல்கிற காற்றாடி நிமிடத்துக்கு 9000 சுற்றினால் நொடிக்கு 150. நொடிக்கு 30 படம் எடுக்கிற கமராவுக்கு, ஒரு படம் எடுத்து முடிவதற்குள் ஐந்து குலுக்கல்.

பிறகு ஸ்பொஞ் வெட்டிப் போனுக்குக் கீழே வைத்துக் கட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. கட்டின இறுக்கத்தில் ஸ்பொஞ் நசிந்து பலகை மாதிரி ஆகிவிட்டது. தளர்த்திக் கட்டினேன், கொஞ்சம் குறைந்தது. கடைசியில் போனை ஒரு இரும்புத் தகட்டில் பூட்டி, தகட்டின் நாலு மூலையையும் பழைய சயிக்கிள் ரியூப்பில் வெட்டிய துண்டுகளில் தொங்கவிட்டேன். பனை நிமிர்ந்து நின்றது! ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

இளக்கமான றப்பரில் பாரம் தொங்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பாரமான பொருள் மெல்லத்தான் ஆடும். வேகமான குலுக்கல் அதை அசைக்குமுன் திசை மாறிப் போய்விடும். உன் கமராவோ நெருப்புப்பெட்டி அளவு. அதை மட்டும் ஸ்பொஞ்சில் வைத்தால் பாரம் போதாது. பற்றறியையும் அதே தட்டில் வைத்துப் பார். விமானத்தின் மொத்தப் பாரம் கூடாமலே தட்டுக் கனத்துவிடும். வைத்தபின் இரண்டு இறக்கைக்கும் கீழே விரல் கொடுத்துத் தூக்கி, சமநிலை பழைய இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பறக்கவிடு.

ஆனால் இதற்கெல்லாம் முதல் காற்றாடியைக் கழற்றிப் பார். சயிக்கிளைக் கவிழ்த்துச் சில்லைச் சுற்றிவிட்டால் வால்வு இருக்கிற பக்கம் கீழே வந்து நிற்குமே, அதே மாதிரி காற்றாடியை ஒரு மெல்லிய கம்பியில் கோத்துவிடு. எந்த இதழ் கீழே விழுகிறதோ அது பாரம். மற்ற இதழில் சின்னத் துண்டு ரேப் ஒட்டு. எந்தப் பக்கம் விட்டாலும் நிற்க வேண்டும். குலுக்கல் பிறக்கிற இடத்திலேயே பாதி குறைந்துவிட்டால் றப்பருக்கும் வேலை சுகம்.

இன்னொன்று. உனக்கு ஏழு வயதாயிருக்கும்போது தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் பட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். விண் என்கிற, காற்றில் கூவும் வில்லைப் பூட்டிய பெரிய பட்டத்தின் நூலை ஒருவர் உன் கையில் தந்தார். "அப்பா, நூல் கதைக்குது" என்றாய். விண் மேலே எங்கோ கூவ, அதன் துடிப்பு இழுபட்ட நூல் வழியாக உன் விரல் வரைக்கும் வந்தது. நூல் தளர்ந்ததும் நின்றது. கமராவுக்குப் போகிற வயரும் அந்த நூல்தான். றப்பரை எவ்வளவு பார்த்துப் பூட்டினாலும், வயர் இறுகியிருந்தால் மோட்டரின் நடுக்கம் அதன் வழியாக வந்துவிடும். ஒரு வளைவு விட்டுத் தளர்வாகக் கட்டு.

அங்கத்தைய குளிருக்குச் சாதாரண றப்பர் இறுகிப்போகும், சிலிக்கோன் வாங்கு. பனியின் வெளிச்சத்தில் கமரா ஒவ்வொரு வரியையும் மிகக் குறைந்த நேரத்தில் பதிவதால் நெளிவு இன்னும் துலக்கமாகத் தெரியும். கண்ணாடியின் முன்னால் ஒளியைக் குறைக்கிற கறுப்பு வடிகட்டி போட்டால் நல்லது.

சரிவை உணர்கிற கைரோ வைத்த, கமராவைத் தாங்குகிற கிம்பல் வாங்கவா என்று கேட்டாயே. நல்ல சாமான்தான். காற்றில் விமானம் சரியும்போது கமராவை நேராகப் பிடிக்கும். றப்பரால் அது முடியாது. ஆனால் நொடிக்கு 150 தரம் வருகிற நடுக்கத்தை அதனால் பிடிக்க முடியாது. முதலில் இந்த வேலைகளைச் செய், பிறகு வாங்கு. மின்சாரம் இல்லாமலே கமரா விட்ட இடத்தில் நிற்கிற மாதிரிப் பூட்டு, இல்லாவிட்டால் கிம்பலின் மோட்டர் அந்தப் பாரத்தைத் தாங்கித் தாங்கிச் சூடாகிவிடும்.

விட்டுவிடாதே, பிள்ளை. நீ இருக்கிற வீட்டை மேலிருந்து காட்டச் சொல்லி அம்மா கேட்கிறா. ஆட்கள் நடமாடுகிற தெருவுக்கு மேலே பறக்கவிடாமல், அந்தப் பனி வெளியில் நின்றபடியே தூரத்தில் தெரிகிற அளவுக்குக் காட்டு, போதும். காற்றாடிக்கு ரேப் ஒட்டியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா