ஒரு செமஸ்டரை ஓ.பி.க்கு (புறநோயாளிகள் பிரிவுக்கு) மாற்றுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் சுகாதாரத் தொடர்பியல் முதுநிலைப் படிப்புக்குப் பாடத்திட்டம் போடும் பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

நான் அந்தப் பாடத்தைப் படித்து முடித்தவள். எங்கே என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற எல்லோரும் ‘நம்ம இடத்தில் அப்படி இல்லையே’ என்று நகர்ந்துவிடுவீர்கள். கேட்க வந்தது ஒன்றுதான். இந்தப் படிப்பில் ஒரு செமஸ்டராவது அரசு மருத்துவமனையில் நடக்கட்டும். ஒரு நாள் விசிட், வாசலில் குரூப் போட்டோ, பத்து பக்க ரிப்போர்ட் எல்லாம் கணக்கில் சேராது. முழு செமஸ்டர்.

தியரி பேப்பரில் முதலில் படித்தது ஹெல்த் பிலீஃப் மாடல், அதாவது நோயைப் பற்றி ஒருவர் என்ன நம்புகிறாரோ அதைப் பொறுத்தே அவர் நடந்துகொள்வார் என்பது. 1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க இலவச எக்ஸ்ரே வண்டியை வீட்டுப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியும் ஏன் பலர் எட்டிப் பார்க்கவில்லை என்று தேடப் போய்ப் பிறந்த கோட்பாடு. நல்ல கோட்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே பத்தாண்டில்தான், 1956இல், இதே மெட்ராஸில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்துத் தரும் சிகிச்சைக்கு, நெரிசலான வீட்டில் அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தபடியே மாத்திரை சாப்பிடுவது எந்த விதத்திலும் சளைத்ததில்லை என்று 1959இல் காட்டினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இருமல் நின்றதும் ‘சரியாகிவிட்டது’ என்று மருந்தை நிறுத்துகிற ஆளை ஒரு வருஷம் எப்படித் தொடர்ந்து சாப்பிட வைத்தார்கள்? எங்கள் துறைக்கு இதைவிடப் பெரிய கேள்வி என்ன இருக்கிறது? அந்த நிறுவனம் இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது. எங்கள் வகுப்பில் அதன் பெயர்கூட வரவில்லை.

சரி, பழைய கதை வேண்டாம். ஏதாவது ஒரு அரசு மருத்துவமனையின் மருந்து கவுன்டர் பக்கத்தில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வந்த அம்மா சீட்டை நீட்டுகிறார். பட்டையை எண்ணி வெட்டித் தருகிறார்கள். வெட்டியதில் பெயர் பாதி போய்விடும். ‘காலைல ஒண்ணு நைட் ஒண்ணு, இது சாப்பாட்டுக்கு முன்னாடி’ என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் கையை உள்ளே விட்டிருப்பார். அந்த அம்மா வெளியே வந்து, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத இன்னொரு நோயாளியிடம் மாத்திரைகளைக் காட்டி ‘இதுல எது முன்னாடி சாப்பிடறது?’ என்று கேட்பார். அவரும் தன் அனுபவத்தில் ஏதோ சொல்வார். மருந்தாளுநரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அந்த வரிசையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்ல முடியும். நோயாளி புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லும் டீச் பேக் முறையைப் பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வியாகப் படித்தோம். இந்த வரிசையில் அதைச் செய்ய எத்தனை பேர் வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை வகுப்பில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவே முடியாது.

வதந்தி விஷயமும் இப்படித்தான். 2017இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளுக்குப் போட மறுத்தார்கள். தமிழ்நாட்டில் முகாமையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஓமந்தூரார் மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, இரண்டு நாளில் மாரடைப்பால் இறந்தார். தொடர்பில்லை என்று சுகாதாரத் துறை உடனே சொன்னது. மத்தியக் குழு அதை ஆராய்ந்து உறுதிசெய்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் அத்தனை மாதம் தெருவில் நின்று பதில் சொன்னவர்கள் கிராம சுகாதார செவிலியர்களும் மாநகராட்சிப் பணியாளர்களும்தான். அவர்கள் என்ன சொன்னார்கள், எது எடுபட்டது என்று கேட்டு எழுதினாலே ஒரு ஆய்வேடு ஆகும்.

நாங்கள் எழுதியதோ? கூகுள் ஃபார்ம். அதை ஹாஸ்டல் குரூப்பில் போட்டு, ‘ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க’ என்று கெஞ்சி, புள்ளியியல் கணக்குக்கு ஒரு பி வேல்யூ போட்டு பைண்டிங் செய்து கொடுத்தோம். வைவாவில் பக்க எண்களைத்தான் கவனமாகப் பார்த்தார்கள்!

உங்கள் பதில் தெரியும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி மாதக்கணக்கில் இழுக்கும், மருத்துவமனைக்காரர்கள் மீடியா மாணவர் என்றாலே கேமராவைத் தேடுவார்கள். உண்மைதான். அதனால்தான் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாகக் கெஞ்சாமல் நீங்களே போய்ப் பேச வேண்டும் என்கிறேன். கிண்டியில் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறை இருக்கிறது, அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் பொது சுகாதார முதுநிலைப் படிப்பே நடத்துகிறது. மூன்று இடமும் ஒரே ஊரில். ஒரு ஒப்பந்தம், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கைடு, முதல் செமஸ்டரிலேயே அனுமதிக்கான விண்ணப்பம். இவ்வளவு போதும் தொடங்க. போஸ்டர் டிசைன் பேப்பரை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், யூடியூபில் கற்றுக்கொள்வார்கள்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு வழக்கம்போலப் பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிடுவீர்கள். கூடவே மருந்து கவுன்டரில் வேலை பார்க்கும் ஒருவரையும் கூப்பிடுங்கள். மதியத்துக்கு மேல் வைத்தால் அவர்களால் வர முடியும்.