பூந்தி கடித்த குளவி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் பாதியிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் தாளை எடுத்தேன். எழுதி முடித்ததும் உன் தம்பி போட்டோ பிடித்து அனுப்புவான். கையெழுத்து புரியாவிட்டால் அவனைக் கேள். இன்னொன்று, நீ எங்களிடம் விட்டுப்போன நாய் பூந்தியை ‘அது’ என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். ‘அவள்’ என்றே எழுதுகிறேன். பேச்சில் வராது, எழுத்தில் பழகிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவள் வெட்டுக்கிளியைப் பிடித்து மென்றதை நீ பார்த்துவிட்டாய். “அப்பா, வாயிலேர்ந்து எடுங்கப்பா” என்று கத்தினாய். நான் சிரித்தேன். “முறுக்கு மாதிரி தின்கிறா, விடு தாயி” என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அப்புறம் மூன்று நாள் பேசவில்லை.

வெட்டுக்கிளி விஷயத்தில் நான் சொன்னது சரிதான். ஆனால் உன்னிடம் ஒன்றை ஒன்றரை மாதமாக மறைத்து வைத்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புரட்டாசி கடைசியில், நம் மேற்குப் பக்கத்துப் பனையிலிருந்து பழம் விழுந்துகொண்டிருந்த நேரம். விழுந்த பழத்தின் வாசம் உனக்குத் தெரியும், அரை மைலுக்கு அடிக்கும். ஈ, எறும்பு, குளவி எல்லாம் அதில்தான் கிடக்கும். நம் வீட்டு இன்னொரு நாய் கருப்பன் பழத்தைத் தின்பான், ஆனால் குளவி உட்கார்ந்திருந்தால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவன் இந்த மண்ணில் பிறந்தவன். குட்டியில் ஒரு தடவை வாங்கியிருப்பான், அதோடு பாடம் முடிந்தது. பூந்தி பெங்களூரில் நாலாவது மாடியில் வளர்ந்தவள். அவளுக்குப் பறக்கிறதெல்லாம் பந்து. லபக்கென்று கவ்விவிட்டாள்.

கத்தினாள். அப்புறம் மூஞ்சியை மணலில் தேய்த்தாள். கால் மணி நேரத்தில் ஒரு பக்க உதடு பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. கண் பாதி மூடிக்கொண்டது, எச்சில் நூலாக ஒழுகியது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா சுண்ணாம்பு தடவச் சொன்னார். மனுஷன் கையில் கொட்டினால் நாமும் அதைத்தான் தடவுவோம், ஆனால் நாய் நக்கி விழுங்கினால் வாயெல்லாம் வெந்துபோகும். உங்கம்மா காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்து வெல்லத்தில் வைத்துக் கையில் பிடித்திருந்தாள். நல்லவேளை, கொடுப்பதற்குள் தம்பி பைக்கை எடுத்துவிட்டான். நடுவில் அவளை உட்கார வைத்து, பின்னால் நான் கட்டிப் பிடித்துக்கொண்டு, முப்பது கிலோவையும் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வழியில் ஒரு தடவை வாந்தி எடுத்தாள், என் வேட்டியில்.

டாக்டர் ஊசி போட்டார். இரண்டு மணி நேரம் அங்கேயே இருத்தி வைத்து, ஈறு வெளுக்கிறதா, மூச்சில் விசில் சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் வீக்கம் பாதி வடிந்தது. மறுநாள் காலையில் கஞ்சி குடித்தாள். அன்றைக்கு ராத்திரி நீ கூப்பிட்டபோது “சாப்பிட்டுட்டுத் தூங்குறா” என்றேனே, சாப்பிடவில்லை. தூங்கினது மட்டும் நிஜம். முகத்தைக் காட்டச் சொன்னாய், ‘நெட் கிடைக்கல’ என்றேன்.

நீ அவ்வளவு தூரத்தில், ராத்திரி வேலைக்கு நடுவில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய் என்று மறைத்தேன். தப்புதான்.

அன்றைக்கு அந்த டாக்டரிடம் நான் வரிசையாகக் கேட்டேன். எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது, கொட்டினால் என்ன செய்வது என்று. அவர் பொறுமையான ஆள். குளவியோ தேனீயோ காலில், முதுகில் கொட்டினால் பெரும்பாலும் வலியோடு போய்விடுமாம். வாய்க்குள், அதுவும் தொண்டைப் பக்கம் கொட்டினால்தான் ஆபத்து. உள்ளே வீங்கி மூச்சை அடைக்கும். சில நாய்க்கு ஒரே கொட்டில் உடம்பு முழுக்கப் பாதித்துவிடும். வாந்தி, பேதி, ஈறு வெளுப்பது, கால் தள்ளாடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கிளம்பு என்றார். தேனீயாக இருந்தால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், அதை நகத்தாலோ அட்டையாலோ சட்டென்று சுரண்டி எடுத்துவிட வேண்டும். குளவி கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். மனுஷர் மாத்திரையைத் தொடவே கூடாதாம். காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எல்லாம் நாய்க்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உங்கம்மா இதைக் கேட்டு அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை.

சரி, வெட்டுக்கிளிக்கு வருகிறேன். சாதாரணத் தத்துக்கிளி, சில்வண்டு, பிள்ளைப்பூச்சி, ஈ, அந்துப்பூச்சி, இதெல்லாம் ஒன்றிரண்டு உள்ளே போனால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. புரதம்தான். ஓடு கொஞ்சம் கெட்டி, நிறையத் தின்றால் செரிக்காமல் கக்கும். ஐப்பசியில் முதல் மழை பெய்த ராத்திரி வாசல் டியூப்லைட்டில் ஈசல் கொட்டியது. நீ சின்னப் பிள்ளையில் அண்டாவில் தண்ணீர் வைத்துப் பிடித்து, வறுத்துப் பொரிகடலையோடு தின்றிருக்கிறாய், மறந்துவிட்டாயா? அதையேதான் பூந்தி தின்றாள். என்ன, நீ ஒரு கைப்பிடி தின்பாய், அவள் திண்ணை முழுக்க நக்கினாள். விடியற்காலையில் அத்தனையும் இறக்கையோடு வெளியே வந்தது. இப்போதெல்லாம் மழை விட்டதும் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

ஆனால் எல்லா வெட்டுக்கிளியும் ஒன்றில்லை. நம் கடற்கரைப் பாதை நெடுக எருக்கு நிற்கிறதல்லவா, அதில் மஞ்சளும் நீலப் பச்சையுமாகக் கோடு போட்ட ஒரு பெரிய வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும். கிட்டே போனாலும் குதிக்காது. அது எருக்குப் பாலிலுள்ள விஷத்தைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. இதயத்தைத் தாக்குகிற விஷம். பிடித்து அழுத்தினால் பீய்ச்சி அடிக்கும். எருக்கிலையில் ஊர்கிற, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட வண்ணத்துப்பூச்சிப் புழுவும் அதே ஜாதிதான். நாற்பது வருஷமாக அந்தப் பாதையில் நடக்கிறேன், அது ஏன் குதிக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பயப்பட அதற்கு அவசியமில்லை, அவ்வளவுதான். பளிச்சென்ற நிறமும் அவசரமில்லாத நடையுமாக ஒரு பூச்சி தெரிந்தால் இப்போது பூந்தியின் கயிற்றைச் சுருக்கிப் பிடிக்கிறேன்.

உங்கம்மாவின் வெண்டைக்காய்ச் செடியில் கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட வண்டு வந்து பூவைத் தின்னும், ஞாபகமிருக்கிறதா? கையில் நசுங்கினால் கொப்புளம் போடுமே, அதுதான். வெளியே கொப்புளம் போடுவது உள்ளே போனால் சும்மா இருக்குமா? வாயும் வயிறும் புண்ணாகும், சிறுநீரகம் வரைக்கும் போகும். வெண்டைப் பாத்திக்குத் தம்பி வலை கட்டிவிட்டான், பழைய மீன் வலைதான். முருங்கையில் மழைக்கு அப்புறம் கம்பளிப்பூச்சி அடையடையாக அப்பிக் கிடக்கிறது. அதன் முடி நாக்கில் குத்தினால் நாக்கே வீங்கும். மரத்தை வெட்ட உங்கம்மா விடவில்லை. பூந்தியை முருங்கைப் பக்கம் விடாமல் மறைப்பு வைத்திருக்கிறோம். ரயில் பூச்சி, அதுதான் மரவட்டை, அதை ஒரு தடவை வாயில் போட்டுவிட்டுத் துப்பி, நுரை தள்ளினாள். வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினோம், சரியாகிவிட்டது. அதற்கப்புறம் அதைக் கண்டால் முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறாள். தேள் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விறகு அடுக்கை வீட்டுக்குப் பின்னால் மாற்றியாயிற்று.

டாக்டர் சொன்னதில் என்னை உறுத்தியது வேறொன்று. உண்ணி கடித்து நாய்க்குக் காய்ச்சல் வரும் என்பது நமக்குத் தெரியும். நாய் உண்ணியைத் தின்றாலே வருகிற நோயும் ஒன்று இருக்கிறதாம். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? திண்ணையில் உட்கார்ந்து கருப்பன் காதிலிருந்து உண்ணியைப் பிடுங்கித் தரையில் போட்டுவிடுவேன், பூந்தி வந்து நக்குவாள். இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்கிற மாதிரி எனக்கு ஒரு திருப்தி. இப்போது மூடி போட்ட டப்பாவில் மண்ணெண்ணெய் வைத்து அதில் போடுகிறேன். தெள்ளுப்பூச்சியும் அப்படித்தான். உடம்பைக் கடித்துச் சொறியும்போது ஒன்று வாய்க்குள் போனால் போதும், குடலில் நாடாப்புழு வரும். வாலடியில் அரிசி மாதிரி ஒட்டியிருக்கும். கரப்பானும் சாணி வண்டும் கூடப் புழுவைக் கொண்டு வரும். சாணி வண்டில் வருகிற புழு உணவுக்குழாயில் போய் முடிச்சுப் போட்டு உட்கார்ந்துகொள்ளுமாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார், அட்டையில் குறித்து வைத்திருக்கிறேன். பெரியப்பா மட்டும் “பூச்சி தின்னுற நாய்க்கு வெறி புடிக்கும்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வெறிநோய் வெறிபிடித்த மிருகத்தின் எச்சிலில்தான் வரும், பூச்சியில் வராது. அந்தத் தடுப்பூசியும் போட்டாயிற்று.

உண்மையில் நான் பூச்சிக்குப் பயப்படுவதைவிட வயலில் அடிக்கிற மருந்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் இலைப்பேனுக்கு மருந்து அடிக்காமல் யார் மிளகாய் எடுக்கிறார்கள்? இப்போது நாற்று தலையெடுக்கிற நேரம், தை வாக்கில் சுற்றுவட்டாரமெல்லாம் அடிப்பார்கள். அடித்த வயலில் பூச்சி செத்தும் சாகாமலும் துடித்துக் கிடக்கும். பறக்க முடியாத பூச்சி பூந்திக்கு ரொம்ப சுலபம். அதைத் தின்றால் பூச்சியோடு மருந்தும் உள்ளே போகிறது. எச்சில் வழிவது, கண்மணி சுருங்குவது, உடம்பு நடுங்குவது என்று வந்தால் நேரமே இருக்காது. அதனால் பக்கத்து நிலத்துக்காரர்களிடம் மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கிறேன். அடித்தால் ஒரு வாரம் அவள் அந்தப் பக்கம் போக மாட்டாள். வீட்டில் கரப்பானுக்கு மருந்து வைப்பதையும் நிறுத்திவிட்டோம்.

அப்புறம் கடற்கரை. மூக்கையூர்ப் பக்கம் கரைவலை இழுத்து முடித்ததும் வேண்டாத மீனை மணலில் எறிந்துவிட்டுப் போவார்கள். அதில் பேத்தை என்கிற விஷ மீன் கிடக்கும். காய்ந்து பந்து மாதிரி உப்பிக் கிடந்தாலும் அதன் விஷம் போவதில்லை. ஒரு நாய் சாக அது போதும். வெட்டுக்கிளியைப் பார்த்து நீ கத்தினாயே, எனக்கு அந்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது அவள் ஒரு நாள் பேத்தையை வாயில் கவ்விக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தபோதுதான். விளையாட்டுக்குத்தான் கொண்டு வந்தாள், கடிக்கவில்லை. “போடு” என்றதும் போட்டாள். அந்த ஒரு வார்த்தையைப் பெங்களூரில் நீதானே பழக்கினாய்.

அவளைக் கட்டியே வைக்கலாமா என்று உங்கம்மா கேட்டாள். எனக்கு மனசில்லை. காலையில் ஆறரைக்கு மண் ஈரமாக இருக்கும்போது அவள் மூக்கைத் தரையில் உரசிக்கொண்டு போவதை நீ பார்க்கவில்லை. பூச்சி தேடுவதுதான் அவளுக்கு இங்கே உத்தியோகம். நீளக் கயிறு வாங்கியிருக்கிறேன், பனை இருக்கிற மேற்குப் பக்கம் மட்டும் சுருக்கிப் பிடிப்பேன். பழக் காலம் முடிந்துவிட்டது, இனி அடுத்த ஆடி வரைக்கும் அங்கே கவலையில்லை. அதற்குள் நீ வந்துவிடுவதாகச் சொன்னாய்.

நீ கேட்ட கருப்பட்டி இரண்டு சிப்பம் எடுத்து வைத்திருக்கிறோம், யார் வருகிறார்கள் என்று சொல்லு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பூந்தியின் முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி நல்ல வெளிச்சத்தில் காட்டச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நெட் கிடைக்கும். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, மாத்திரை விஷயத்தை உங்கம்மாவிடம் கேட்காதே.

அன்புடன்,
அப்பா