ஏசி மாட்டித்தரும் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

வீடு வீடாகப் போய் ஏசி மாட்டித்தரும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வேலை முடிந்து கிளம்பும் முன், தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் வலையை வீட்டுக்காரர் கையாலேயே ஒருமுறை கழற்றி மாட்ட வையுங்கள். நீங்கள் கழற்றிக் காட்டினால் போதாது. எந்தக் கொக்கியை எவ்வளவு அழுத்தினால் உடையாமல் வரும் என்பது அவர் கைக்குத் தெரியவேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்று வருடம் அந்த மூடியை யாரும் திறக்கவில்லை. உடைந்துவிடுமோ என்ற பயம்தான். அப்பா அறையில் குளிர் குறைந்தபோது ரிமோட்டில் 24-ஐ 20 ஆக்கினோம், அப்புறம் 18. ஒருநாள் நடு இரவில் அவர் கட்டில் மேல் தண்ணீர் சொட்டியது. வந்து பார்த்தவர் கேஸ் குறைவு என்று சொல்லி ஏற்றிவிட்டுப் போனார். பத்தே நாளில் மறுபடி சொட்டியது. அடுத்து வந்தவர் முதலில் மூடியைத் தூக்கினார். வலையே கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியது போல் இருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பியதும் முழுசாக உரிந்து வந்தது. அதன் பின்னால், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான ‘காயில்’ முழுக்க வெள்ளையாகப் பனி.

ஃபில்டர் அடைத்தால் காயிலுக்குப் போதிய காற்று வராது, அது உறைநிலைக்கும் கீழே போய் ஈரமெல்லாம் பனியாகப் படியும், பனி படியப் படிய காற்று இன்னும் குறையும், நிறுத்தியதும் உருகிச் சொட்டும். ஆவியாகாத கேஸ் திரவமாகவே திரும்பினால் கம்ப்ரசருக்கே ஆபத்து. இதெல்லாம் உங்களுக்குப் பாலபாடம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஃபில்டர் என்பது மெக்கானிக் மட்டும் தொடவேண்டிய பாகம் என்றே நினைத்திருந்தோம். அடைத்த ஃபில்டரை மாற்றினாலே ஏசியின் மின்செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது.

காட்டும்போதே சில வார்த்தைகள் சொல்லிவிடுங்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். உள்ளே தெரியும் காயில் தகடுகள் விரலை வெட்டும். அதிகம் ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது நல்லது, நாயோ பூனையோ இருந்தால் இன்னும் சீக்கிரம். தண்ணீரைத் தூசி படிந்த பக்கத்தில் அடித்தால் அழுக்கு வலைக்குள் இறங்கும், பின்பக்கமிருந்து அடிக்கவேண்டும். கொதிநீர் கூடாது. வெயிலிலும் வைக்கக் கூடாது, வலை நெளிந்துவிடும். நிழலில் நன்றாகக் காயவேண்டும், ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை நாற்றம் வரும்.

வீடு முழுக்க ஒரே குழாய்வழியில் சூடும் குளிரும் தரும் அமைப்பு என்றால் அங்கே பெரும்பாலும் மடிப்புக் காகித ஃபில்டர்தான். அதைக் கழுவக் கூடாது, மாற்றவேண்டும். ஃபில்டரின் ஓரச் சட்டத்தில் இருக்கும் அம்புக்குறி, உள்ளே காற்றைத் தள்ளும் மின்விசிறிப் பக்கம் பார்க்கவேண்டும். மாட்டிய தேதியை ஓரத்தில் மார்க்கரால் எழுதிக்கொடுங்கள். அங்கே ஃபில்டர் அடைத்தால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அளவுக்கு மீறிச் சூடாகித் தானே நின்றுபோகும். எவ்வளவு நுண்ணிய தூசியை ஃபில்டர் பிடிக்கும் என்று காட்டும் ‘மெர்வ்’ எண் கூடினால் நல்லது என்று சிலர் 13-ஐக் கேட்பார்கள். மின்விசிறிக்கு அந்த அடர்த்தியைத் தாங்கும் வலு உண்டா என்று பார்த்தபிறகே கொடுங்கள்.

இப்படிச் சொல்லிக்கொடுத்தால் உங்கள் பிழைப்பு குறையும் என்று நான் நினைக்கவில்லை. காயிலை ஆழமாகக் கழுவுவது, தண்ணீர் போகும் குழாயின் அடைப்பெடுப்பது எல்லாம் எப்போதும் உங்கள் வேலைதான், எங்களால் ஆகாது.

இன்னொன்று. கதவைத் திறந்தவர் யாரோ அவரிடமே காட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். ஸ்டூலில் ஏறக்கூடியவர் வீட்டில் யார் என்று கேட்டு அவரைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் அது என் தங்கை. ஏசி மாட்டிய அன்று அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள்.